ரோமரின் எல்லைக் கோட்டைகளும் நற்செய்தியின் பாதையும்

மதுரை நகரத்தாருக்குக் கோட்டை என்பது இன்று வீதிப் பெயர்களிலும் ஓரிரு இடிபாடுகளிலுமே எஞ்சியுள்ளது. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் நாயக்கர் காலத்து மதில்களை இடிப்பித்து, அகழியைத் தூர்ப்பித்து, நகரை விரிவுபடுத்தினார். அப்பணியில் அவருக்குத் துணை நின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் வீதிகளுக்கு வழங்குகின்றன. அதற்கும் முற்பட்ட பாண்டியர் கோட்டையின் எச்சமாக விட்டவாசல் நிற்கிறது.

இலக்கியத்தில் நிலைபெற்ற மதுரைக் கோட்டை இவற்றினும் பழைமையானது. கோவலன் நகருட் புகுந்தபோது வாளேந்திய யவனர் மதில் வாயிலைக் காத்து நின்றனர் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. முல்லைப்பாட்டின் ஆசிரியர் நப்பூதனார் முள்வேலி சூழ்ந்த ஒரு பாசறையை நம் கண்முன் நிறுத்துகிறார். அங்கே சட்டை அணிந்த, வலிய உடலினரான யவனர் அரசனுக்கு இருக்கை அமைத்து விளக்கேற்றுகின்றனர்.

இச்செய்திகளைப் படிக்கும் இறையியல் மாணவர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. தமிழ் மண்ணில் ரோமரின் கோட்டை ஏதேனும் இருந்ததா என்பது ஒன்று. ரோமப் பேரரசின் படைவலிமையே நற்செய்திக்குக் கீழ்த்திசையில் வழி திறந்ததா என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவுக்கு நம் பிரசங்க மேடைகள் நெடுங்காலமாக ஆயத்த விடை ஒன்றை வைத்துள்ளன. காலம் நிறைவேறியபோது தேவன் தம் குமாரனை அனுப்பினார் என்னும் கலாத்தியர் 4ஆம் அதிகாரச் செய்தியை விளக்குகையில், ரோமரின் சாலைகளையும் ரோமரின் சமாதானத்தையும் தேவன் ஆயத்தம்பண்ணிய கருவிகள் என்று நாம் போதித்து வருகிறோம். எல்லைக் கோட்டைகளின் மண்ணைக் கிளறியவர்கள் கண்டவை இப்போதனையை மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி நம்மைக் கட்டாயப்படுத்துகின்றன.

1. தமிழ் மண்ணில் ரோமக் கோட்டை

யவனர் என்னும் சொல் முதலிற் கிரேக்கரைக் குறித்துப் பின்னர் மேலைக் கடல் வழியே வந்த பிறரையும் குறித்தது. மதுரை வாயிலில் நின்றவர்கள் பாண்டியனின் பணியாளர்கள்; அவனுக்காகவே வாளேந்தியவர்கள். சீசருடைய ஆணையின்கீழ் நின்ற படையினராக எந்த நூலும் அவர்களைக் காட்டவில்லை.

வண்டியூரிலிருந்து வைகையின் போக்கிலே கிழக்கு நோக்கிச் செல்வோமாயின் தென்கரையில் கீழடியையும், ஆறு கடலை நெருங்கும் பகுதியில் அழகன்குளத்தையும் காண்போம். அழகன்குளத்தில் 1986 தொடங்கித் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமக் காசுகளும் மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும் கிடைத்தன. மதுரையிலும் ரோமச் செப்புக் காசுகள் பல அகப்பட்டுள்ளன. இவை வாணிகத்துக்குச் சான்று, படையிருப்புக்குச் சான்றல்ல.

முசிறியில் ரோமர் இரண்டு படைப்பிரிவுகளை நிறுத்தியிருந்தனர் என்னும் கூற்று பழைய வரலாற்று நூல்கள் சிலவற்றில் இடம்பெற்றுள்ளது. வியன்னா நகரில் காக்கப்படும் பியூட்டிங்கர் நிலப்படமே இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அப்படம் முசிறிக்கு அருகில் அகுஸ்து பேரரசனுக்குரிய கோயில் ஒன்றைக் குறிக்கின்றது. படைவீரர் எவரையும் குறிக்கவில்லை. பெரியாற்றுக் கழிமுகத்தை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளும் ரோமச் சாடிகளின் ஓடுகளை ஆயிரக்கணக்கில் தந்தனவேயன்றிப் படைவீடு ஒன்றையும் தரவில்லை.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1945இல் அங்கு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர் 1920களில் வேல்ஸ் நாட்டில் செகோந்தியம், பிரெக்கன் காயெர் ஆகிய ரோம எல்லைக் கோட்டைகளை அகழ்ந்தவர். மண்ணடுக்குகளைப் பிரித்தறிந்து, அந்தந்த அடுக்கிற் கிடைக்கும் மெருகூட்டிய செந்நிறக் கலங்களின் வகையைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையை அவர் அக்கோட்டைகளிற் கையாண்டிருந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரக் கலங்களின் ஓடுகளை அரிக்கமேட்டில் கண்டபோது அதே முறையைத் தமிழ் மண்ணுக்கும் பயன்படுத்தினார். அவ்வூரை அவர் வாணிக நிலையம் என்றே அழைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கு மீண்டும் அகழ்ந்தபோது, ரோமப் பொருள்கள் வருவதற்கு முன்னரே அது மக்கள் வாழ்ந்த ஊராக விளங்கியது என்று தெளிவாயிற்று. யவனர் அங்கு வந்தவர்கள், ஊரோ தமிழருடையது.

அங்ஙனமாயின் ரோமப் படை இந்தியாவை நோக்கி எவ்வளவு தொலைவு வந்தது? செங்கடலின் தென்பகுதியில் அரேபியக் கரையை அடுத்துள்ள பரசான் தீவுகளில் கிடைத்த இலத்தீன் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. கி.பி. 144ஆம் ஆண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு இரண்டாம் திராயான் படையணியின் ஒரு பிரிவு அங்கு நிலைகொண்டிருந்ததைத் தெரிவிக்கின்றது. இத்திசையில் நாம் அறிந்த ரோமப் படைநிலைகளில் கடைக்கோடி இதுவே. அதற்கப்பால் கடலும், பருவக் காற்றும், வணிகரின் துணிவுமே வழிநடத்தின.

2. பாலைவனத்துக் காவற்கோட்டைகள்

தமிழகத்திலிருந்தும் சேரநாட்டிலிருந்தும் சென்ற மிளகு, எகிப்தின் செங்கடற் துறைமுகங்களான பெரனிகே, மியோஸ் ஹார்மோஸ் ஆகியவற்றில் இறங்கியது. அங்கிருந்து ஒட்டகங்களின்மேல் பாலைவனத்தைக் கடந்து நைல் நதிக்கரையிலுள்ள கொப்தோஸ் நகரை அடைந்தது. பெரனிகேயிலிருந்து இப்பயணம் 12 நாள் என்று பிளினி எழுதியுள்ளார். வெப்பத்தின் கொடுமையால் பெரும்பகுதியை இரவிலேயே கடப்பர். 1985இல் வெளியிடப்பட்ட வியன்னா பாப்பிரஸ் ஒன்று முசிறியிலிருந்து ஹெர்மபோலோன் என்னும் கப்பலில் வந்த சரக்கைப் பற்றியது. அதன் மதிப்பு ஏறக்குறைய 70 இலட்சம் செஸ்தர்சு. சரக்கின்மீது நாலிலொரு பங்கு வரியாகப் பேரரசுக்குச் சேர்ந்தது. செங்கடலிலிருந்து கொப்தோஸ் வரை சரக்குக்குக் காவல் வேண்டும் என்பதும் அவ்வாவணத்தில் உண்டு.

அக்காவலின் பொருட்டே பாலைவனச் சாலைகளில் சிறு கோட்டைகள் எழுந்தன. எகிப்தின் ஆளுநன் யூலியு உர்சு, பெரனிகேயிலிருந்து திரும்புகையில் ஓரிடத்தில் நீர் தேடும்படி கட்டளையிட்டான். நீர் கண்டபின் காவற்கோட்டையும் தொட்டிகளும் கட்டுவித்தான் என்று வெஸ்பாசியான் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. நாற்புறமும் கல் மதில், மூலைகளில் கொத்தளங்கள், நடுவில் கிணறு, மதிலின் உட்புறத்தை ஒட்டிச் சிறு அறைகள் என்பதே இக்கோட்டைகளின் பொது அமைப்பு. ஒவ்வொன்றிலும் இருந்தோர் ஒரு சிறு குழுவினரே. கிணற்றுக்காகக் கோட்டையா, கோட்டைக்காகக் கிணறா என்று கேட்கத்தக்க அளவுக்கு நீரும் காவலும் அங்கே ஒன்றாயிருந்தன.

1994 முதல் எலேன் குவிஞி தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர் மக்சிமியானோன், குரோக்கொதிலோ, திதிமோய் முதலிய கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அகழ்ந்தனர். அவர்கட்குப் பெருஞ்செல்வம் கிடைத்த இடம் கோட்டை வாயிலுக்கு வெளியேயிருந்த குப்பைமேடு. சாம்பல், எலும்பு, வைக்கோல் ஆகியவற்றினிடையே மையால் எழுதிய பானை ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. தாள் அரிதான இடத்தில் உடைந்த பானையே கடிதத்துக்கும் கணக்குக்கும் ஏடாயிற்று. மழை அறியாத மண் அவற்றை அழியாமற் காத்தது.

3. ஓடுகள் உரைப்பவை

இவ்வோடுகளில் அரசியல் திட்டங்களைத் தேடுவோர் ஏமாற்றம் அடைவர். காய்கறி அனுப்பினேன், கிடைத்ததா என்று ஒருவன் கேட்கிறான். கடனைத் திருப்பித் தா என்று மற்றொருவன் எழுதுகிறான். பல கடிதங்கள், உனக்காக இவ்விடத்துத் தெய்வத்தின் முன் நாள்தோறும் பணிந்து வேண்டுகிறேன் என்னும் பொருளுடைய ஒரு வாய்பாட்டோடு தொடங்குகின்றன. பவுலின் நிருபங்களைப் பயிலும் மாணவர் இதைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். உங்களை நினைத்து இடைவிடாமல் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்று அப்போஸ்தலர் எழுதும்போது, அக்காலத்து எளிய மக்களின் கடித வழக்கையே எடுத்து அதற்குப் புதிய உள்ளீடு அளித்தார் என்பது இவ்வோடுகளால் விளங்குகின்றது.

சமாதானத்தின் மறுபக்கமும் இங்கே வெளிப்படுகின்றது. குரோக்கொதிலோவில் கிடைத்த ஒரு பெரிய ஓட்டில் கி.பி. 118ஆம் ஆண்டு நிகழ்ந்த தாக்குதலின் அறிக்கை படியெடுக்கப்பட்டுள்ளது. பாலைவன மக்கள் 60 பேர் ஒரு சிறு கோட்டையைத் தாக்கினர். ஒரு பெண்ணும் இரு பிள்ளைகளும் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். ரோமர் இத்தாக்குவோரைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதினர். அப்பாலைவனத்தில் கிணறுகள் எவருக்கு உரியவை என்று அவர்களிடம் எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

பிலோக்ளேஸ் என்னும் வணிகனின் கடிதங்கள் இதனினும் துயரமானவை. அவன் கோட்டைகளுக்குக் காய்கறி விற்றான். அதோடு பெண்களையும் மாத வாடகைக்கு அனுப்பினான். கி.பி. 90ஆம் ஆண்டின் கொப்தோஸ் சுங்கக் கல்வெட்டு இவ்வாணிகத்துக்கு அரசு முத்திரை இருந்ததைக் காட்டுகின்றது. அதன்படி இச்சாலையிற் செல்ல மாலுமிக்குச் சுங்கம் 5 திராக்மா. படைவீரரின் பெண்டிர்க்கு 20 திராக்மா. விலைமகளிர்க்கு 108 திராக்மா. ரோமரின் சாலை எல்லார்க்கும் ஒரே சாலையாக இருந்ததில்லை. அது யாரிடமிருந்து எவ்வளவு பெற்றது என்று அக்கல்லே சொல்கிறது.

இதே சாலையின் முனையில் நம்மவர் பெயர்களும் உள்ளன. பெரனிகேயில் செராப்பிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அவ்வூரில் கிடைத்த ஓர் ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் கொறபூமான் என்னும் பெயர் காணப்படுகின்றது. மியோஸ் ஹார்மோசில் கணன், சாதன் என்னும் பெயர்கள் கிடைத்தன. கீழடியின் ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்களைப் படித்து மகிழும் நமக்கு இவர்கள் அயலார் அல்லர். பேரரசன் பெயர் கல்லில் நின்றது; இவர்கள் பெயர் பானையில் நின்றது.

4. வடகோடியில் ஒரு கணக்கு

கொப்தோசிலிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியா சென்ற மிளகு பேரரசின் மறுகோடி வரைக்கும் பரவியது. பிரித்தானியாவின் வட எல்லையில் உள்ள விந்தோலந்தா கோட்டையில் 1973 முதல் மெல்லிய மரப்பலகைகளில் எழுதிய ஏடுகள் கிடைத்து வருகின்றன. அங்கே பாலைவனத்துக்கு நேர்மாறான ஈரச் சேறு அவற்றைக் காத்தது. அவற்றுள் ஒரு கணக்கேட்டில் கம்பாக்ஸ் என்னும் வீரனின் பெயருக்கு எதிரே மிளகு, 2 தெனாரியம் என்று குறிக்கப்பட்டுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த பொருளுக்கு வடகோடிக் குளிரில் ஒரு சாதாரண வீரன் கணக்கில் நின்றான்.

அதே கோட்டையில் சிறுவர் காலணிகளும் பெண்டிர் காலணிகளும் படைவீடுகளினுள்ளே கிடைத்தன. படைவீரர் மணஞ்செய்தல் கூடாது என்னும் சட்டம் இரண்டாம் நூற்றாண்டின் இறுதி வரை இருந்தது. சட்டம் ஒன்று சொல்ல, வாழ்க்கை வேறொன்று சொன்னது. அப்பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சட்டத்தின் முன் நிலையில்லை. மண்ணிலோ அவர்கள் அடிச்சுவடு எஞ்சியது.

5. கோட்டையின் நிழலில் திருச்சபை

இப்பின்னணியில் புதிய ஏற்பாட்டின் படைவீரரைக் காணுதல் நலம். யோவான் ஸ்நானகனிடம் வந்த போர்ச்சேவகருக்கு அவர் இடறுகண் செய்யாமல் சம்பளத்தோடு திருப்தியாயிருக்கக் கற்பித்தார் என்று லூக்கா 3ஆம் அதிகாரம் கூறுகிறது. கடனும் கூலியும் நிறைந்த ஓடுகளைப் படித்தபின், அப்புத்திமதி எவ்வளவு நேரான இடத்தைத் தொட்டது என்று உணர்கிறோம். கதரேனர் நாட்டில் அசுத்த ஆவியுடையவன் தன் பெயர் லேகியோன் என்று சொன்னபோது, கேட்டவர் காதில் ஒலித்தது ரோமப் படையணியின் பெயர். செசரியாவில் இத்தாலியா பட்டாளத்து நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டுக்குப் பேதுரு போகத் தயங்கியதன் ஆழமும் நமக்குப் புலனாகின்றது. அது ஆக்கிரமித்தவரின் வீடு.

அவ்வீட்டின் கதவு திறந்ததன் விளைவை அகழாய்வு இரண்டு இடங்களில் காட்டியுள்ளது. 2005இல் மெகிதோவுக்கு அருகே, ஆறாம் படையணியின் பாசறையை அடுத்த குடியிருப்பில், கி.பி. 230ஐ ஒட்டிய காலத்துக் கிறிஸ்தவத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. நூற்றுக்கு அதிபதியான காயானு என்னும் சகோதரன் தன் பொருளால் தளத்தைச் சித்திரக்கற்களால் அமைப்பித்தான் என்று தரையிலேயே எழுதப்பட்டுள்ளது. தேவனை நேசித்த அகெப்தூ என்னும் பெண் இயேசு கிறிஸ்துவாகிய தேவனுக்கு மேசையைக் காணிக்கையாக்கினாள் என்பதும் அங்கு உள்ளது. பிரிமில்லா, சிரியாக்கா, தொரோத்தேயா, கிரேஸ்தே என்னும் நான்கு பெண்களை நினைவுகூரும்படி மற்றோர் எழுத்து வேண்டுகின்றது. நூற்றுக்கு அதிபதியின் பெயரும் பெண்களின் பெயர்களும் ஒரே தரையில் உள்ளன. கொப்தோஸ் கல்வெட்டு பெண்களை விலையால் வகுத்தது. மெகிதோவின் தரை அவர்களைப் பெயரால் அழைத்தது.

மற்றொன்று ஐபிராத்து நதிக்கரையில் உள்ள தூரா யூரோப்போஸ் என்னும் எல்லை நகர். அந்நகரின் வடபகுதி ரோமப் படையின் பாசறையாக இருந்தது. மேற்கு மதிலை ஒட்டிய ஒரு வீட்டை மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிறிஸ்தவர் சபைவீடாக மாற்றி, ஞானஸ்நான அறையின் சுவர்களில் நல்மேய்ப்பரையும் திமிர்வாதக்காரன் குணமடைதலையும் தீட்டினர். கி.பி. 256ஐ ஒட்டிப் பாரசீகர் முற்றுகையிட்டபோது, வீரர் மதிலை வலுப்படுத்த அவ்வீட்டின்மேல் மண்ணைக் கொட்டினர். நகர் வீழ்ந்தது, படை அழிந்தது, மண்ணுக்கடியில் சபைவீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. சபையை மூடிய மண்ணே அதைக் காத்தும் தந்தது.

6. நாம் கற்க வேண்டுவது

இச்சான்றுகளைப் பிரசங்க மேடையில் எடுத்தாளுவோர் இரண்டு எச்சரிப்புகளை மனத்திற்கொள்ளுதல் நன்று. முதலாவது, அகழாய்வு விசுவாசத்தை மெய்ப்பிக்கும் கருவியன்று. பெரனிகேயின் மிளகு, தோமா அப்போஸ்தலர் நம் கரைக்கு வந்தார் என்னும் மரபை நிலைநாட்டாது, மறுக்கவும் மறுக்காது. அத்தகைய பயணம் அக்காலத்தில் ஆண்டுதோறும் நிகழக்கூடியதாயிருந்தது என்பதையே அது கூறும். அதற்குமேல் கூறச் செய்வது சாட்சிக்காரனைக்கொண்டு அவன் காணாததைச் சொல்விப்பதாகும்.

இரண்டாவது, ரோமரின் சமாதானத்தை நாம் விலை கேளாமற் புகழலாகாது. அப்போஸ்தலர் அச்சாலைகளில் நடந்தனர் என்பது உண்மை. ஆயினும் சாலையை அமைத்தவனே நற்செய்தியை அனுப்பினான் என்பது அதிலிருந்து பெறப்படாது. பவுல் அச்சாலைகளில் கட்டுண்டவராயும் நடந்தார். தேவன் தீமையினின்றும் நன்மையைப் பிறப்பிக்க வல்லவர். அதனால் தீமை நன்மையாகிவிடுவதில்லை. சிறைபிடிக்கப்பட்ட பெண்ணையும், 108 திராக்மாவுக்கு மதிப்பிடப்பட்ட பெண்ணையும், கிணற்றை இழந்த பாலைவனத்தானையும் கணக்கிற் சேர்க்காத ஒரு சமாதானத்தைச் சிலுவையிலறையப்பட்டவரின் பெயரால் வாழ்த்துதல் தகுமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவரைச் சிலுவையில் அறைந்ததும் அதே சமாதானத்தின் காவலரே.

தமிழகத் திருச்சபைக்கு இவ்வினா புதிதன்று. தரங்கம்பாடியில் 1620இல் எழுந்த டான்ஸ்பர்க் கோட்டை தேனியருடைய வாணிகத்தின் காவல். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அக்கோட்டையை ஆண்ட அரசனாலேயே அனுப்பப்பட்டவர். எனினும் ஒரு கைம்பெண்ணின் வழக்கை ஒட்டி எழுந்த பூசலில் அக்கோட்டையின் தலைவன் 1708இல் அவரைச் சிறையிலடைத்தான். நான்கு மாதம் அவர் அங்கு இருந்தார். நற்செய்தி நம் நாட்டுக்குக் கோட்டையின் துணையோடு வந்தது என்று நம்மைப் பழிப்பவர்க்கும், அதைப் பெருமையாகக் கொள்பவர்க்கும் அச்சிறைவாசம் ஒருங்கே விடை கூறுகின்றது.

எல்லைக் கோட்டைகள் தம்முள் இருப்பவரையும் புறத்தே இருப்பவரையும் பிரிக்கவே கட்டப்பட்டன. அவற்றின் மண் நமக்குத் தந்தவையோ, எல்லைகளைக் கடந்த ஒரு பிடி மிளகும், ஒரு நண்பனுக்காகச் செய்த வேண்டுதலும், ஒரு தளத்தில் பதித்த பெண்களின் பெயர்களும் ஆகும். சபைச் சரித்திரம் எழுதப் புகும் நம் மாணவர் தத்தம் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும், கல்லறைக் கற்களையும், பழைய காணிக்கைக் கணக்குகளையும் இக்கண்கொண்டு திறந்து பார்ப்பார்களாக. அங்கும் ஆளுநரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஊரும் தகப்பன் பெயரும் இன்றி எழுதப்பட்ட எளியோரின் பெயர்களும் இருக்கும். ஆட்டுக்குட்டியானவருடைய ஜீவபுஸ்தகத்தில் அவை விடுபடவில்லை என்று நம்பும் நாம், நம் சரித்திரங்களிலும் அவற்றை விட்டுவிடாதிருப்போமாக.